நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஒரு வண்டு விஷயமாக

புதுக்கோட்டை மாவட்டத்தில் மண்வெட்டியும் சட்டியும் தூக்குவாளியுமாகக் காலையில் வேலைக்குக் கிளம்பும் அத்தை, சின்னம்மா, மதினி, அக்காமார்களுக்கும், அங்கொருவர் இங்கொருவராக உங்களோடு வரும் பெரியப்பா, அண்ணன்மார்களுக்கும் இந்த மடல்.

கூலி பாக்கி பற்றியோ, வெட்டிய குழியை அளப்பதில் நடக்கும் தகராறு பற்றியோ எழுதப்போகிறேன் என்று நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். இந்த மடல் ஒரு வண்டைப் பற்றியது. வரத்துவாய்க்காலில் புல் செதுக்கும்போது, கல்லைப் புரட்டும்போது, கருவை முள்ளை இழுத்துப் போடும்போது காலடியில் சட்டென்று ஓடுமே, கன்னங்கரேலென்று, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு, அதேதான். "ஆத்தாடி, கடிச்சுப்புடும்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். மண்வெட்டியின் பின்பக்கம் அதன்மேல் இறங்கும். முக்கால்வாசி இடங்களில் கதை அதோடு முடிந்துவிடுகிறது. அப்படி முடிய வேண்டாம் என்று கேட்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் ஆள் அடையாளம். நல்ல வளர்த்தியான வண்டு, ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் நீளம். உடம்பு முழுக்கக் கறுப்பு. மேலிருந்து பார்த்தால் மூன்று கூறாகத் தெரியும்: அகன்ற தலை, அடுத்து இடுப்பு போல ஒடுங்கி இறங்கும் மார்பு, அதற்குப் பின்னால் நீள்வட்டமாகப் பருத்த முதுகு. மார்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புள்ளி. முதுகில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஆக மொத்தம் ஆறு. புள்ளி வெள்ளையாக இருக்கும். சிலதில் லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். தலைக்கு முன்னால் இரண்டு தாடைகள் பாக்குவெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கால்கள் நீளமானவை. உடம்பைத் தரையில் உரசவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடும். ஓடி நின்று, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடும். வெயில் ஏறும் முன்னும், பொழுது சாய்ந்த பிறகும், மழை பெய்த மறுநாள் மந்தாரத்திலும் கண்ணில் படும். உச்சிவெயிலில் கல்லடி, சருகடி, மண்பொந்து என்று எங்காவது ஒதுங்கிக்கொள்ளும்.

ஆறுபுள்ளித் தரைவண்டு என்று எழுதுகிறார்கள். அறிவியல் பெயர் ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. 1775-இல் இதற்குப் பெயர் வைத்துப் புத்தகத்தில் ஏற்றியவர் ஃபாப்ரிசியஸ் என்ற டென்மார்க்காரர். அப்போது நம்மூரில் ராய ரகுநாதத் தொண்டைமான் ஆட்சி. அதே காலத்தில் தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. கோனிக் என்ற மருத்துவர் அங்கே தங்கி, நம் பக்கத்துச் செடி கொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்துக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படிக் கப்பலேறிப் போன பூச்சிகள் பலவற்றுக்கு ஃபாப்ரிசியஸ் பெயர் சூட்டியிருக்கிறார். இந்த வண்டை யார் எந்த ஊரில் பிடித்தார்கள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. அந்தக் காலத்துப் புத்தகத்தில் 'இந்தியா' என்று ஒரு சொல் இருந்தால் அதுவே பெரிய விலாசம்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு ஜீவன் நம் காடுகளில் இருக்கிறது. சருகைக் கிளறும்போது, சின்னதாக, கிட்டத்தட்ட வட்டமாக, கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டு ஒன்று சாவகாசமாக நகர்ந்து போகும். அதை வண்டு என்றுதான் யாரும் சொல்வோம். உண்மையில் அது கரப்பான். தேரியா பெடிவெரியானா என்று பெயர். தென்னிந்தியாவின் முள்காடுகளில் வாழ்வது. புள்ளியை எண்ணினால் ஏழு வரும். இடது சிறகில் நாலு, வலது சிறகில் மூன்று. சிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடுவதால் இரண்டு பக்கமும் சமமாக இராது. நம் தரைவண்டின் புள்ளிகளோ அளவெடுத்து வைத்ததுபோல் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். தாடையும் கரப்பானுக்கு வெளியே தெரியாது. ஏமாந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸே 1758-இல் இந்தக் கரப்பானை வண்டு வகையில் சேர்த்துத்தான் பெயர் கொடுத்தார். அவருக்கே அந்தக் கதி என்றால், குனிந்த முதுகோடு மண் அள்ளிக்கொண்டிருக்கும் உங்களை யார் குறை சொல்ல முடியும்?

கரப்பான் ஏன் வண்டு வேஷம் போட வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வண்டின் பின்பக்கத்தில் அதற்கு விடை இருக்கிறது. ஆந்தியா வண்டுகளின் வயிற்று நுனியில் சுரப்பிகள் உண்டு. சீண்டினால் அதிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி அடிக்கும். சில எறும்புகள் கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான். ஆனால் எறும்பு ஒரு சொட்டில் சிறு பங்கைத்தான் வைக்கும், இது தள்ளி நிற்கிறவர்மேலும் தெறிக்கும் அளவுக்கு வைத்திருக்கிறது. ஒருமுறை வாயிலும் கண்ணிலும் வாங்கிக்கொண்ட குருவியோ கீரியோ கறுப்பில் வெள்ளைப் புள்ளியைக் கண்டால் மறுமுறை கிட்டே வராது. கரப்பானுக்கு அமிலம் வேண்டியதில்லை. புள்ளி இருந்தால் போதும், மற்றவன் சம்பாதித்த பயத்தில் பிழைத்துக்கொள்ளலாம்.

இந்த வேஷம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கதை உண்டு. கதை என்றால் கட்டுக்கதை இல்லை. ரேமண்ட் ஹ்யூயி, எரிக் பியாங்கா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கலஹாரிப் பாலையில் பார்த்து 1977-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. அங்கே ஆந்தியா வண்டுகள் நிறைய. அதே மணலில் ஹீலியோபோலஸ் லூகுப்ரிஸ் என்ற பல்லியும் வாழ்கிறது. பெரிய பல்லி மணல் நிறம். மற்றப் பல்லிகளைப் போலவே உடம்பை வளைத்து நெளித்து ஓடும். குஞ்சு அப்படி இல்லை. உடம்பு கறுப்பு, அதில் வெள்ளைக் குறிகள், வால் மட்டும் மணல் நிறத்தில் தரையோடு தரையாக மறைந்துவிடும். முதுகைக் கூனிக்கொண்டு, கால்களை விறைப்பாக வைத்து வெடுக் வெடுக்கென்று நடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பல்லி தெரியாது, வண்டுதான் தெரியும். குஞ்சு வளர்ந்து, வண்டின் அளவைத் தாண்டியதும் கறுப்புப் போய்விடுகிறது, கூன் நிமிர்ந்துவிடுகிறது, சாதாரணப் பல்லியாகிவிடுகிறது. முதுகெலும்புள்ள ஒரு பிராணி, தரையில் வாழ்கிற ஒரு பூச்சியைப் பார்த்து வேஷம் போடுகிறது என்பதுதான் அந்தக் கட்டுரையை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்படிப்பட்ட ஒரு வம்சத்தின் நம் நாட்டுக் கிளையைத்தான் நாம் மண்வெட்டியால் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்குத் தேவையான விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கையில் எடுக்காதீர்கள். பிள்ளைகளையும் எடுக்க விடாதீர்கள். தாடையால் கடித்தால் வலிக்கும்; விஷம் கிடையாது. முகத்துக்கு நேரே குனிந்து பார்க்காதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், கையிலுள்ள குடிதண்ணீரை எல்லாம் ஊற்றிக் கழுவிக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். தானாக வந்து மனிதர்மேல் ஏறிக் கடிக்கிற வழக்கம் இதற்கு இல்லை. வழிவிட்டால் போய்விடும்.

சாப்பாடு என்னவென்றால், மற்றப் பூச்சிகள்தான். தரைவண்டுக் குடும்பமே பெரும்பாலும் வேட்டைக்காரக் குடும்பம். நெல்வயலில் நீலக் கறுப்பும் சிவப்புமாக, கழுத்து நீண்ட சின்ன வண்டு ஒன்று தோகையில் ஏறி இறங்குமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். இலைச்சுருட்டுப் புழுவைத் தின்கிறது என்று வேளாண் துறையினர் நன்மை செய்யும் பூச்சிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் காட்டு மரங்களை மொட்டையடித்த கம்பளிப்புழுவுக்கு மருந்தாக 1905 முதல் ஐரோப்பாவிலிருந்து ஒரு தரைவண்டைக் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். நமக்குக் கப்பல் செலவு இல்லை. ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் கடலை போடுகிறவர்களுக்கு, முதல் மழைக்குப் பின் சிவப்புக் கம்பளிப்புழு எப்படிப் படை எடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புழு கூடு கட்டப் போவதும் வரப்போர மண்ணுக்குள்தான். வரப்போரத்தில் வேட்டையாடுகிற எதையும் விட்டுவைப்பது கணக்குக்கு நல்லது. உளுந்து, துவரைப் பூவைத் தின்கிற கொப்புள வண்டு வேறு. அது கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்டது, செடிமேல் உட்கார்ந்திருக்கும், பறக்கும். அதன்மேல் உள்ள கோபத்தை இதன்மேல் காட்டிவிடாதீர்கள்.

இனி இது எங்கெங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஆந்தியா வம்சத்தின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில். நம் ஆறுபுள்ளியின் வீடு இந்தியாவின் வறண்ட சமவெளி. ராஜஸ்தான், குஜராத் தொடங்கி மகாராஷ்டிரம், தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று புதர்க்காடும் பொட்டலும் மேய்ச்சல் தரையும் உள்ள இடங்களில் காணக் கிடைக்கிறது. அடர்ந்த மழைக்காடு இதற்கு ஆகாது. ஓடுவதற்குத் திறந்த மண் வேண்டும், ஒதுங்குவதற்குக் கல்லும் புதரும் வேண்டும். சொல்லப்போனால், அரசாங்க ரிஜிஸ்தரில் 'தரிசு' என்று எழுதி ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கும் நிலம் எதுவோ, அதுதான் இதன் நிலம்.

இப்படி மாநிலம் மாநிலமாகச் சொல்லிவிடலாம், சுலபம். வரைபடத்தில் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் ஆண்ட்ரூஸ் என்பவர் இந்தியத் தரைவண்டுகளைப் பற்றி 1929-இலும் 1935-இலும் இரண்டு தொகுதிகள் எழுதினார். அந்தக் காலத்துப் பட்டியல்களில் வண்டு கிடைத்த ஊர் என்று இருப்பதெல்லாம், பூச்சி பிடிக்கிற துரை முகாம் போட்ட ஊர். இப்போது ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் போன்ற இணையதளங்களில் யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம். படம் ஏறிய இடத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிகள் பெரிய ஊர்களைச் சுற்றியும், கல்லூரிகளைச் சுற்றியும், கேமராக்காரர்கள் போகிற காடுகளைச் சுற்றியும் குவிந்து கிடக்கும். வண்டு அங்கே மட்டும்தான் இருக்கிறதா? பார்த்து எழுதுகிறவர் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். அன்னவாசல் பக்கத்து ஒரு கண்மாய் உள்வாயில் இது ஓடினால் பார்க்கிறவர் நீங்கள். நீங்கள் பார்த்தது எந்த வரைபடத்திலும் ஏறுவதில்லை.

இன்னொன்று: இதற்குப் பறக்க வராது. முதுகுமேல் உள்ள கெட்டிச் சிறகு இரண்டும் ஒட்டிப்போய்விட்டவை. பறக்கிற சிறகு கிடையாது. மற்ற வண்டு விளக்குக்கு வந்து விழும், காற்றோடு நாலு ஊர் தாண்டிப் போகும். இது நடந்து போகிற தூரம்தான் இதன் உலகம். நடுவில் நாலுவழிச் சாலை வந்தாலோ, கல்குவாரி வெட்டினாலோ, காம்பவுண்டுச் சுவர் எழுப்பினாலோ இந்தப் பக்கத்து வண்டு அந்தப் பக்கம் போகாது. ஒரு பொட்டலில் அழிந்துவிட்டால் பக்கத்து ஊரிலிருந்து பறந்து வந்து குடியேற ஆள் இல்லை. இந்தியாவின் பல மாநிலங்களில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் இருப்பது நம் ஊரில் இருக்கும் வரைதான்.

நம் மாவட்டத்து நிலத்தை நினைத்துப் பாருங்கள். மேற்கே குளத்தூர், இலுப்பூர், விராலிமலைப் பக்கம் மொட்டைப் பாறையும் அதைச் சுற்றி முள்புதரும். நார்த்தாமலையும் குடுமியான்மலையும் சித்தன்னவாசலும் நிற்பது அப்படிப்பட்ட தரையில். கிழக்கே போகப் போகச் செம்புறை மண், முந்திரிக்காடு, கடலைக் கொல்லை. நடுவே எண்ணி மாளாத கண்மாயும் ஊருணியும். ஆவாரையும் காரையும் சூரையும் களாவும் கிடந்த பொட்டல்களில் பெரும்பகுதியில் இன்று தைலமரம் நிற்கிறது. தைலங்காட்டுக்குள் போனால் சருகு இருக்கும், நிழல் இருக்கும், ஆனால் உழுது வரப்பு போட்டு ஒரே மரத்தை வரிசையாக நட்ட தரையில் பூச்சி புழு எவ்வளவு மிஞ்சும் என்பதை, ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். என் பார்வையில் இந்த மாவட்டத்தில் பழைய தரை கிளறப்படாமல் மிஞ்சியிருப்பது மூன்று இடத்தில்: பாறை அடிவாரம், அய்யனார் கோயில் காடு, கண்மாய் உள்வாயும் வரத்துவாய்க்கால் ஓரமும். முதல் இரண்டிலும் உங்களுக்கு வேலை இல்லை. மூன்றாவது முழுக்க உங்கள் கையில்.

அதனால்தான் அதிகாரிகளுக்கு மனு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பூச்சி ஆராய்ச்சி செய்கிறவர்கள் தரைவண்டு பிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு டம்ளரை விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி மண்ணில் புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரவில் ஓடுகிற வண்டு அதில் விழும். பறக்கத் தெரியாதது ஏறி வர முடியாமல் கிடக்கும். காலையில் வந்து எண்ணுவார்கள். நீங்கள் மரக்கன்றுக்கு வெட்டுகிற குழியும், சமமட்ட அகழியும், பண்ணைக்குட்டையும் என்ன? அதே பொறிதான், பெரிய அளவில். அளவு சரியாக வர வேண்டுமே என்று நாலு பக்கமும் செங்குத்தாக, வழுவழுவென்று செதுக்கி வைக்கிறீர்கள். கன்று வந்து சேரும் வரை குழி திறந்தே கிடக்கிறது. வண்டு மட்டும் இல்லை, தவளை, அரணை, ஓணான் குஞ்சு எல்லாம் அதில் விழுந்து வெயிலில் காய்கின்றன. அளவு எடுத்து முடிந்ததும் ஒரு மூலையில் மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்திச் சரிவாக்கி விடுங்கள். இல்லாவிட்டால் வெட்டிப்போட்ட கருவைக் கொம்பு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். ஏறி வந்துவிடும்.

சீமைக்கருவையை வெட்டுவதற்கு நான் எதிரி இல்லை. தாராளமாக வெட்டுங்கள். வெட்டிய முள்ளை மலையாகக் குவித்துப் பத்து நாள் போட்டுவிட்டுப் பிறகு நாலு பக்கமும் தீ வைப்பதுதான் வினை. அந்தப் பத்து நாளில் அந்தக் குவியலடி ஒரு ஊராகிவிடுகிறது. கொளுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு பக்கமாக வையுங்கள். ஓடுகிறது மறுபக்கமாக ஓடிப் போகட்டும். புரட்டிய கல்லை முடிந்தால் பழையபடி கவிழ்த்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலைக்களத்தில் வருகைப் பதிவுக்காகப் பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இரண்டு முறை உங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார். முகம் தெரியவில்லை, சிக்னல் இல்லை, மறுபடி நில்லுங்கள் என்று அந்தச் செல்போன் உங்களைப் படுத்துகிற பாடு எனக்குத் தெரியும். அதே போனில், வெள்ளைப் புள்ளி வண்டு கண்ணில் பட்டால் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் மகள் போனிலோ பேரன் போனிலோ எடுங்கள். நேர் மேலிருந்து, புள்ளிகள் அத்தனையும் தெரிகிற மாதிரி, நன்றாகத் தள்ளி நின்று எடுத்தால் போதும். ஓடிப் போய்விட்டால் துரத்த வேண்டாம். செத்துக் கிடந்தாலும் படம் எடுங்கள். அதுவும் அது அங்கே இருந்ததற்குச் சாட்சிதான். ஆறா ஏழா என்று எண்ணிக்கொள்ளுங்கள், ஏழு என்றாலும் விட்டுவிடாதீர்கள், கரப்பானும் எழுதப்பட வேண்டியதுதான். படத்தை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சரிடமோ, கல்லூரியில் படிக்கிற பிள்ளையிடமோ கொடுத்து ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது.

படத்தோடு நாலு விவரம் சேர்த்துக் கொடுங்கள்: தேதி, நேரம், அது கிடந்த இடம் பாறையா செம்மண்ணா கண்மாய்க் கரையா என்பது, ஊர்ப் பெயர். புதுக்கோட்டை என்று மொட்டையாக எழுதவேண்டாம். எந்தக் கண்மாய், எந்த வாய்க்கால், எந்த அய்யனார் கோயிலுக்குப் பக்கம் என்று, நீங்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்கிற மாதிரியே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் பலருக்கு மகன் முறையாகிற ஒருவன்